இரண்டரை சென்டிமீட்டர்

“சார், இத யாரு அளந்தாங்க?”

மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். அன்று பாடம் இரத்த ஓட்டமும் புவியீர்ப்பும். பாடநூலில் இருந்தபடியே சொன்னேன். எடையற்ற வெளியில் கால்களில் தேங்கும் இரத்தம் மார்புக்கு ஏறிவிடும், இதயத்தின் வாசலில் சிரை அழுத்தம் உயரும், மேலறை விரியும், உடம்பு தன்னிடம் நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணிச் சிறுநீராக வெளியே தள்ளும். பன்னிரண்டு ஆண்டுகளாக இதே வரிசையில்தான் சொல்லிவந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. அழுத்தம் உயரும் என்றால் யாரோ அளந்திருக்க வேண்டும். யார், எப்போது, எங்கே வைத்து?

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பதில் சொல்ல ஏழு மாதம் ஆனது.

வார்டில் இதை ‘சி.வி.பி.’ என்போம். மைய சிரை அழுத்தம். கை வழியாகவோ கழுத்து வழியாகவோ மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, நுனியை வலது மேலறையின் பக்கம் நிறுத்துவார்கள். மறுமுனையில் உப்புநீர் ஒரு கண்ணாடித் தண்டில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஸ்கேலில் பார்ப்பது பழைய முறை. அதனால்தான் இந்த அழுத்தத்தை இன்றும் பல இடங்களில் நீரின் சென்டிமீட்டர் கணக்கில் சொல்கிறார்கள். தண்ணீர் குறைந்த நோயாளிக்கு இது சரியும். இதயம் தளர்ந்தவருக்கு ஏறும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த எவருக்கும் இது மனப்பாடம். அப்படியானால் விண்வெளியில் மார்புக்கு இரத்தம் ஏறும்போது அழுத்தமும் ஏறத்தானே வேண்டும்? எனக்கும் அதில் ஐயம் இருந்ததில்லை.

எங்கள் பாடநூலின் அடிக்குறிப்பு இன்னொரு பாடநூலுக்கு அனுப்பியது. அது ஒரு தொகுப்புக் கட்டுரைக்கு அனுப்பியது, அந்தக் கட்டுரை அதைவிடப் பழைய தொகுப்புக் கட்டுரைக்கு. ஒவ்வொருவரும் மற்றவரைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்தவர் ஒருவரும் அந்தச் சங்கிலியில் இல்லை.

இனி மூல ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்து, அமெரிக்காவின் விண்வெளி நிலையமான ஸ்கைலாபிலிருந்து தொடங்கினேன். 1973–74இல் மூன்று குழுக்கள் அந்த நிலையத்தில் 28, 59, 84 நாட்கள் தங்கின. அவர்களின் உடலைப் பற்றிய முடிவுகளை ஜான்ஸ்டன், டயட்லீன் இருவரும் தொகுத்து, நாசா 1977இல் தடித்த ஒரு நூலாக வெளியிட்டது. மின்படியாகக் கிடைக்கிறது. அதை முழுதாகப் படித்தேன். அருமையான நூல். மருத்துவரும் விண்வெளி வீரருமான வில்லியம் தார்ன்டன் எழுதிய பகுதி என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அவர் பெரிய கருவி எதையும் கேட்கவில்லை. தையற்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடாவைக் கொண்டு கணுக்காலிலிருந்து தொடைவரை படிப்படியாகச் சுற்றளவு எடுக்கச் சொல்லி, அதிலிருந்து காலின் கன அளவைக் கணக்கிட்டார். கால் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைந்திருந்தது. படங்களில் முகம் உப்பியிருக்கிறது, நெற்றியிலும் கழுத்திலும் சிரை புடைத்திருக்கிறது. இரண்டு லிட்டர் திரவம் மேலே போய்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆனால் இதயத்தின் வாசலில் குழாய் வைத்து ஒருவரும் அளக்கவில்லை. முகம் உப்பியதைப் பார்த்தார்கள், அழுத்தம் ஏறியிருக்கும் என்று ஊகித்தார்கள். இந்த ஊகத்துக்கு அஸ்திவாரம் எங்கே என்று தேடியபோதுதான் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: ஓட்டோ காயர்.

காயர் ஜெர்மானிய உடலியங்கியலாளர். போர்க்காலத்தில் விமான மருத்துவத்தில் இருந்தவர், போருக்குப் பின் அமெரிக்காவில் சில காலம் பணியாற்றினார், பிறகு பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மனிதன் விண்வெளிக்குப் போவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே, 1950இல், ஹைன்ஸ் ஹாபருடன் சேர்ந்து எடையற்ற நிலையில் மனித உடல் என்னாகும் என்று எழுதியவர். 1956இல் அவரும் ஜேம்ஸ் ஹென்றியும் ரீவ்ஸும் வெளியிட்ட ஆய்வுதான் எல்லாப் பாடநூலிலும் இருப்பது. மயக்க மருந்து கொடுத்த நாய்களின் இடது மேலறையில் சிறு பலூனை ஊதி விரித்தார்கள், சிறுநீர் கூடியது. மேலறையின் சுவரில் ‘நிறைந்துவிட்டது’ என்று சொல்லும் உணர்விகள் இருக்கின்றன என்பது அதன் பொருள். காயர்–ஹென்றி அனிச்சைச் செயல் என்று இன்றும் சொல்கிறோம். ஹென்றி பின்னாளில் மெர்க்குரி திட்டத்தின் விலங்குப் பயணங்களுக்குப் பொறுப்பேற்றவர்.

இப்போது ஊகத்தின் பாதை எனக்குத் தெளிவாயிற்று. மேலறை விரிந்தால் சிறுநீர் கூடும் என்பது நாயில் மெய்ப்பிக்கப்பட்டது. விண்வெளியில் இரத்தம் மேலே ஏறும் என்பது ஸ்கைலாபில் மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு படி தேவைப்பட்டது. அழுத்தம் உயரும் என்ற வரி அந்தப் படியாக நுழைந்தது. மெய்ப்பிக்கப்பட்ட இரண்டு உண்மைகளுக்கு நடுவே நின்றதால் அதையும் மெய்ப்பிக்கப்பட்டதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நேரடிச் சாட்சி கிடைத்தது 1984இன் ‘சயன்ஸ்’ இதழில். எங்கள் நூலகத்தின் பழைய கட்டடத்தில் அந்த ஆண்டின் இதழ்களைத் துணி அட்டை போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள். நூலகர் அம்மா ஏணி வைத்து எடுத்துக்கொடுத்தார். 218ஆம் பக்கம். இரண்டே பக்கக் கட்டுரை. 1983 நவம்பர் 28இல் கொலம்பியா ஷட்டிலில் கிளம்பிய முதல் ஸ்பேஸ்லாப் (ஷட்டில் சுமந்துபோகும் ஆய்வுக்கூடம்) பயணத்தில் நால்வரின் முழங்கை மடிப்புச் சிரையில் அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். எழுதியவர் பட்டியலில் முதற்பெயர் பெர்லினின் கார்ல் கிர்ஷ். மூன்றாவது பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓ. ஹெச். காயர். காயர் இறந்தது 1979இல். அந்த ஸ்பேஸ்லாப் பறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. இறந்துபோன ஆசிரியரின் பெயரை அவருடைய ஆய்வகத்தார் கட்டுரையில் விடாமல் வைத்திருந்தார்கள். அவர் 1950இல் கேட்ட கேள்விக்கு விடை தேடும் சோதனை அது, அவர் பெயர் இல்லாமல் எப்படி வெளியிடுவது என்று நினைத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

விடை அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அழுத்தம் ஏறவில்லை, தரையில் இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் சொல்லிவந்த வரி அந்தப் பக்கத்தில் உடைந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்து ஆய்வாளர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களின் தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. அளந்தது கைச் சிரையில், இதயத்தின் வாசலில் அல்ல. முதல் அளவு எடுக்கும்போது கலம் ஏவப்பட்டு ஏறக்குறைய ஒரு நாள் கழிந்திருந்தது. அதற்குள் உடம்பு மிகை நீரைத் தள்ளிவிட்டுச் சமாளித்திருக்கலாம் அல்லவா? கலம் சுற்றுப்பாதை ஏறிய முதல் சில நிமிடங்களில் அழுத்தம் எகிறி, பிறகு இறங்கியிருக்கலாம் அல்லவா? பூமியில் செய்த போலி எடையின்மைச் சோதனைகளும் இதையே காட்டின. டல்லாஸின் டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் கட்டிலைத் தலைப்பக்கம் ஐந்து டிகிரி தாழ்த்தி ஆட்களைப் படுக்கவைத்துப் பார்த்திருந்தார்கள். அழுத்தம் முதலில் ஏறிப் பிறகு இறங்கியது. ஆகவே பழைய கொள்கை தப்பித்துக்கொண்டது. தவறு நேரத்தில்தான் என்றார்கள்.

ரஷ்யப் பக்கம் ஏதாவது இருக்குமா என்று சில வாரங்கள் அலைந்தேன். 1984 பிப்ரவரியில் சல்யூட்–7 நிலையத்துக்குப் போன ஒலெக் அட்கோவ் தொழில்முறை இதய மருத்துவர். 237 நாட்கள் அங்கே இருந்து எக்கோ கருவியால் இதயங்களைப் பார்த்தார். அந்த ஏப்ரலில் நம் ராகேஷ் ஷர்மா அங்கே போய்ச் சேர்ந்தபோது வரவேற்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் எக்கோ இதயத்தின் அளவைக் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. எனக்கு வேண்டிய எண் அங்கே இல்லை.

மீண்டும் டல்லாஸுக்கே வந்தேன். அங்கே குன்னர் பிளோம்க்விஸ்ட் தலைமையில் இருந்த குழு, வழியில் ஒரு நிமிடம்கூட விடுபடாமல் அளப்பது என்று முடிவுசெய்திருந்தது. ஏவுவதற்கு முன்பே கதீட்டரை வைத்துவிட வேண்டும், அதோடேயே ஒருவர் விண்வெளிக்குப் போக வேண்டும். யார் போவது? குழுவிலேயே ஒருவர் முன்வந்தார். ட்ரூ காஃப்னி. இதய மருத்துவர். கட்டிலைத் தாழ்த்திச் செய்த சோதனைக் கட்டுரையின் முதல் ஆசிரியரும் அவர்தான்.

இந்த இடத்தில் எந்த உடலியங்கியல் ஆசிரியருக்கும் வெர்னர் ஃபோர்ஸ்மன் நினைவுக்கு வருவார். 1929இல் எபெர்ஸ்வால்ட் என்ற சிற்றூர் மருத்துவமனையில், இருபத்தைந்து வயது இளைஞராகத் தன் கைச் சிரையில் தானே கதீட்டரை ஏற்றிக்கொண்டு, எக்ஸ்ரே அறைவரை நடந்துபோய், நுனி தன் இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்துக் காட்டியவர். 1956இல் நோபல் பரிசு பெற்றார். காயரின் பலூன் ஆய்வு வெளியான அதே ஆண்டு. காஃப்னி அதே குழாயோடு ராக்கெட்டின் மேல் படுத்தார்.

1986இன் சேலஞ்சர் விபத்துக்குப் பின் எல்லாப் பயணங்களும் தள்ளிப்போயின. கடைசியில் 1991 ஜூன் 5இல் கொலம்பியா கிளம்பியது. முழுக்க உயிரியல் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய முதல் ஸ்பேஸ்லாப் பயணம். ஏவுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்தே அளவு தொடர்ந்து பதிவானது. ஷட்டிலின் இருக்கையில் முதுகைக் கிடத்தி, கால்களை உயர்த்தி மல்லாந்து கிடக்க வேண்டும், அதனால் காலின் இரத்தம் ஏவுதளத்திலேயே மார்புக்கு வந்துவிடும். 1993 அக்டோபரில் இரண்டாம் பயணத்தில் மேலும் இருவர் கதீட்டருடன் போனார்கள். மூவரின் அளவுகளையும் ஜே பக்கி முதலானோர் 1996இல் வெளியிட்டார்கள்.

என் குறிப்பேட்டில் அந்த நாட்களின் பக்கம் அடித்தலும் திருத்தலுமாக இருக்கிறது. ஓரிடத்தில் ஏவுதள அழுத்தம் 15 என்று எழுதியிருந்தேன், இன்னோரிடத்தில் 11. இரண்டு நாள் இதிலேயே போனது. பிறகுதான் புரிந்தது, ஒன்று நீரின் சென்டிமீட்டர், மற்றது பாதரசத்தின் மில்லிமீட்டர். இரண்டும் ஒரே அழுத்தம். பழைய ஆவணங்களில் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பார் என்று என் ஆசிரியர் சொல்வது காதில் கேட்டது.

எண்கள் இவை. தரையில் உட்கார்ந்திருக்கும்போது சராசரி 8.4 சென்டிமீட்டர். ஏவுதளத்தில் கால் உயர்த்திப் படுத்திருக்கும்போது 15. எடையின்மையில் பத்து நிமிடம் கழிந்தபின் 2.5.

இரண்டரை சென்டிமீட்டர். அந்த எண்ணின் கீழே பென்சிலால் கோடிட்டேன். வார்டில் ஒரு நோயாளிக்கு இந்த எண் வந்தால், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று உடனே சலைன் ஏற்றுவோம். ‘முதலில் எகிறியிருக்கும், பிறகு இறங்கியிருக்கும்’ என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. மேலே போன நேரமெல்லாம் குழாய் உள்ளேயே இருந்தது. அதே 1993இல் ஜெர்மனியின் டி–2 பயணத்தில் வேறொரு குழு தனியாக அளந்து, அழுத்தம் இறங்கியதையே கண்டது. ஒரு செய்தியை இங்கே சொல்லத் தோன்றுகிறது: 1983, 1991, 1993 என்று இந்தக் கதையின் எல்லா ஸ்பேஸ்லாப் பயணங்களையும் சுமந்தது ஒரே கலம், கொலம்பியா. 2003 பிப்ரவரி 1இல் ஏழு பேரோடு அது உடைந்து விழுந்தது.

சரி, கொள்கை தவறு, அழுத்தம் இறங்கும் என்று எழுதிவிட்டு மாணவியிடம் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கியின் கட்டுரையிலேயே இன்னொரு அளவு இருந்தது. எக்கோவில் இடது கீழறை நிறைந்து விரியும்போது அதன் குறுக்களவு தரையில் 4.60 சென்டிமீட்டர். விண்வெளியில் 48 மணி நேரத்துக்குள் 4.97. இதயம் பெருத்திருக்கிறது. அதிக இரத்தத்தால் நிறைந்திருக்கிறது. வாசலில் அழுத்தம் வற்றிய கிணறுபோல் இருக்கிறது, உள்ளே அறை நிறைந்து வழிகிறது. இரண்டும் ஒரே மனிதர்களின் உடலில்.

கருவி பொய் சொன்னதா? அதையும் சோதித்தேன். தரையில் சி.வி.பி. பார்க்கும்போது பிழை பெரும்பாலும் உயரத்தில்தான் வரும். அளவியை மேலறையின் மட்டத்துக்கு நேராக வைக்காவிட்டால், எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வைத்தோமோ அத்தனை சென்டிமீட்டர் பிழை. எடையின்மையில் மேலும் இல்லை, கீழும் இல்லை. திரவத் தண்டுக்கு எடை இல்லாததால் இந்தப் பிழை வரவே வழியில்லை. அழுத்தம் அளப்பதற்கு விண்வெளி பூமியைவிட நம்பகமான இடம்.

அடுத்த சாட்சி நுரையீரல். இது எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது. அதே 1991 பயணத்தில், அதே வாரத்தில், அதே கலத்தில், சான் டியாகோவின் ஜான் வெஸ்ட் குழு நுரையீரலைச் சோதித்திருந்தது. நிற்கும் மனிதனின் நுரையீரலில் இரத்தம் அடிப்பக்கத்தில் அதிகமாகவும் உச்சியில் மிகக் குறைவாகவும் ஓடுகிறது, காரணம் புவியீர்ப்பு என்று 1960களில் லண்டனில் கதிரியக்க வாயுக்களைக் கொண்டு காட்டியவர் வெஸ்ட். அவருடைய விளக்கப்படம் இல்லாத உடலியங்கியல் புத்தகம் கிடையாது. புவியீர்ப்பை நீக்கிவிட்டு அதைச் சோதிக்கும் வாய்ப்பு முப்பது ஆண்டு கழித்து அவருக்குக் கிடைத்தது.

அப்போது எல்லோருக்கும் ஓர் அச்சம் இருந்தது. மார்புக்கு இவ்வளவு இரத்தம் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளாதா? நீர் கோத்தால் காற்றறைக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சவ்வு தடித்து, வாயுக்கள் கடந்துபோவது குறையும். பிரிஸ்க், வெஸ்ட் முதலானோர் 1993இல் வெளியிட்ட முடிவு, வாயு கடக்கும் திறன் 28 விழுக்காடு கூடியிருந்தது என்கிறது. நுண்நாளங்களில் இரத்தமும் கூடியது, சவ்வு வழிக் கடத்தலும் ஏறக்குறைய அதே அளவு கூடியது. உச்சியில் மூடிக்கிடந்த நாளங்களும் திறந்து, நுரையீரல் முழுவதும் சீராக இரத்தம் நிறைந்தது, நீர் கோக்கவில்லை. (காற்றோட்டத்தின் ஏற்றத்தாழ்வு முழுதாக மறையவில்லை என்பதையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். புவியீர்ப்பு மட்டுமே காரணம் இல்லை என்பது அதனால் தெரிந்தது. தன் கொள்கையைத் தானே சோதித்துத் திருத்திக்கொண்ட அந்த நேர்மைக்காக வெஸ்ட் மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் உயர்ந்தது.)

நுரையீரலின் சாட்சியமும் அதுதான்: மார்பில் இரத்தம் மிகுந்திருக்கிறது, ஆனால் எதுவும் அழுத்தப்படவில்லை. மார்புக்கூடே இடம் கொடுத்திருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தது கோபன்ஹேகனிலிருந்து வந்த கட்டுரை. விடேபெக், நார்ஸ்க் இருவரும் 1997இல் வெளியிட்டது. அவர்கள் ராக்கெட்டுக்குக் காத்திருக்கவில்லை. வளைவுப் பாதையில் ஏறி இறங்கும் விமானத்தில் ஒவ்வொரு முறையும் இருபது விநாடி எடையின்மை கிடைக்கும், அது போதும் என்றார்கள். மற்றவர்கள் அளக்காத ஒன்றையும் அளந்தார்கள். உணவுக்குழாயின் அழுத்தம். உணவுக்குழாய் மார்புக்கூட்டுக்குள் இதயத்துக்குப் பின்னால் ஓடுகிறது. அதன் அழுத்தத்தை அளந்தால் இதயத்துக்கு வெளியே, மார்புக்குள் என்ன அழுத்தம் என்று தெரியும்.

மைய சிரை அழுத்தம் 5.8இலிருந்து 4.5 பாதரச மில்லிமீட்டருக்கு இறங்கியது. உணவுக்குழாய் அழுத்தமோ 1.5இலிருந்து மைனஸ் 4.1க்குச் சரிந்தது. இதயத்துக்கு உள்ளே ஒரு மடங்கு இறங்கினால் வெளியே நான்கு மடங்கு இறங்கியிருக்கிறது. இதயச் சுவரை உள்ளிருந்து வெளியே தள்ளும் நிகர அழுத்தம் கூடியது. இடது மேலறையின் விட்டம் 26.8 மில்லிமீட்டரிலிருந்து 30.4 ஆனது.

மாணவர்களுக்கு இதைச் சொல்ல ஓர் உதாரணம் தேடினேன். ஊதிய பலூனைக் கல் கட்டிக் கிணற்றின் அடியில் விடுங்கள். சுற்றியுள்ள நீர் அழுத்துவதால் சுருங்கியிருக்கும். கல்லை அவிழ்த்தால் மேலே வரும். வர வர அதன் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது, ஆனால் பலூன் பெருத்துக்கொண்டே போகிறது. உள்ளழுத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது சுருங்குவதாகத் தோன்றும். பூமியில் படுத்திருக்கும்போது விலா எலும்புகளும் மார்புச் சுவரும் சுற்றியுள்ள திசுக்களும் தம் எடையோடு இதயத்தின் மேல் அமர்ந்திருக்கின்றன. எடை போனதும் மார்புக்கூடு தானாக விரிகிறது, உள்ளே அழுத்தம் சரிகிறது, இதயத்துக்கு விரிய இடம் கிடைக்கிறது. நாம் பிறந்த நாளிலிருந்து சுமந்துவரும் இந்தப் பாரம் ஒன்று இருப்பதையே விண்வெளிக்குப் போய்த்தான் கண்டுபிடித்தோம்.

இங்கேயும் நான் கோப்பை மூடவில்லை. காயரின் பழைய கட்டுரைகளை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தபோது, 1956க்கு முந்தைய ஒன்று அடியில் கிடந்தது. 1954, ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன்’. காயர், ஹென்றி, சீக்கர், வெண்ட். தலைப்பைப் பார்த்துவிட்டுத் தொடர்பில்லை என்று மாதங்களுக்கு முன்பே ஒதுக்கியது. வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் மூச்சுவிடச் செய்தால் சிறுநீர் என்னாகிறது என்ற ஆய்வு. அதே ஆண்டில் மனிதர்களிடமும் அதைச் செய்து பார்த்தார்கள். குறைந்த அழுத்தத்தில் மூச்சுவிடும்போது மார்புக்குள் அழுத்தம் இறங்குகிறது. இறங்கியதும் உடலின் மற்ற இடங்களிலிருந்து இரத்தம் மார்புக்குள் இழுக்கப்படுகிறது, மேலறை விரிகிறது, சிறுநீர் கூடுகிறது.

அதாவது இதயம் நிறைவதற்கு உள்ளே அழுத்தம் ஏறத் தேவையில்லை, வெளியே அழுத்தம் இறங்கினாலும் போதும். விடேபெக்கும் நார்ஸ்கும் 1997இல் சொன்னதன் இயக்கம் நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அதே காயரின் கட்டுரையில், மூச்சின் வழியாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் பலூன் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். மூச்சுக் கட்டுரையை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படிக்கவில்லை. பழைய கோப்புகளைத் தோண்டுகிற எனக்கு இந்த ஏழு மாதத்தின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

பாடநூல் வரியின் கடைசிப் பகுதியும் நிற்கவில்லை. மேலே போனதும் சிறுநீர் பெருகும் என்பதைக் கரோலின் லீச் குழு ஸ்பேஸ்லாப் பயணங்களில் நேரடியாகச் சோதித்தது. (1984 கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. பின்னாளில் ஜான்சன் விண்வெளி மையத்தின் முதல் பெண் இயக்குநர்.) சிறுநீர் பெருகவில்லை. ஆனால் ஒரு நாளுக்குள்ளேயே இரத்தத்தின் பிளாஸ்மா கணிசமாகக் குறைந்திருந்தது. நாளங்களிலிருந்து கசிந்து திசுக்களுக்குள் போயிருந்தது. உப்பிய முகத்தில் பார்த்தது அதைத்தான்.

பிளாஸ்மா குறைந்தால் சிவப்பணுக்களின் செறிவு கூடும். உடம்பு அதை மிகையென்று கண்டு குறைக்கத் தொடங்குகிறது. 1960களில் ஜெமினி வீரர்கள் சிவப்பணுக்களை இழந்து திரும்பியபோது, கலத்துக்குள் இருந்த தூய ஆக்சிஜன்மேல் பழி போட்டார்கள். நைட்ரஜனும் கலந்த ஸ்கைலாபிலும் இழப்பு நிற்கவில்லை. 2022இல் கனடாவின் கீ த்ருதெல் குழு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கிய 14 பேரின் மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்சைடை அளந்தது. சிவப்பணுவின் ஹீம் ஒன்று உடையும்போது அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு வெளிவரும், ஆகவே மூச்சிலேயே இரத்தத்தின் அழிவைக் கணக்கிடலாம். பூமியில் நம் உடம்பு விநாடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களை உடைக்கிறது. அங்கே முப்பது லட்சம். அதுவும் ஆறு மாதமும் நிற்காமல். 54 விழுக்காடு அதிகம். திரும்பிவந்து ஓராண்டுக்குப் பின்னும் அழிவு பழைய நிலைக்கு வரவில்லை.

மார்புக்கூடு விரிந்து இதயத்துக்கு இடம் கொடுத்த சலுகை, மார்புக்கு வெளியே இருக்கும் கழுத்துச் சிரைக்குக் கிடையாது. 2019இல் வெளியான ஆய்வில் அதே நிலையத்தில் தங்கிய 11 பேரைப் பரிசோதித்தார்கள். ஐம்பதாம் நாள் வாக்கில் ஆறு பேரின் கழுத்துச் சிரையில் இரத்தம் தேங்கி நின்றது, அல்லது பின்னோக்கி ஓடியது. ஒருவருக்கு இரத்தக் கட்டியே உறைந்திருந்தது. அவருக்கு எந்த வலியும் இல்லை. ஆராய்ச்சிக்காக அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கவில்லை என்றால் தெரிந்திருக்காது. நிலையத்தில் இருந்த உறைவெதிர்ப்பு ஊசி மருந்தைக் கொண்டு சமாளித்து, பிறகு வந்த சரக்குக் கலத்தில் மாத்திரை அனுப்பினார்கள். செவ்வாய்க்குப் போகும் வழியில் அப்படி அனுப்ப எந்தக் கலமும் இருக்காது. இதயத்தின் வாசலில் என்ன நடக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் இதனால்தான்.

மாணவியிடம் ஏழு மாதம் கழித்து விடை சொன்னேன். 1983இல் நால்வரின் கையில் கிர்ஷ் குழு அளந்தது. 1991இல் தன் நெஞ்சுக்குள் குழாயோடு காஃப்னி போனார். ஏறவில்லை அம்மா, இறங்கியது. அவள் தன் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் எண்ணை எழுதிக்கொண்டாள்.

இதைப் படிக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடநூலிலும் எடையின்மையில் மைய சிரை அழுத்தம் உயரும் என்ற வரி இருந்தால், அதை அடித்துவிட்டு ஓரத்தில் 2.5 என்று எழுதிவையுங்கள். கீழே மறக்காமல் அலகையும் போடுங்கள்.